மானியக்காரியின் மகனுக்கு

தம்பி,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கத்தான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் எனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். இன்றைக்கு அப்படித் தொடங்க மனம் வரவில்லை. உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, ஆனால் கோபமாக இருக்கிறேன். நீ கோலாலம்பூரில் நன்றாகத்தான் இருப்பாய். நன்றாக இருப்பதால்தான் இப்படி ஒரு கடிதம் எழுத உனக்குக் கை வந்திருக்கிறது. அது வந்த அன்றைக்கே அப்பா படித்துவிட்டு, பழையபடியே மடித்து என் கையில் கொடுத்துவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். அவர் ஒன்றும் பேசாமல் போனால் அவருக்கு வலித்திருக்கிறது என்று அர்த்தம். நான் அந்த ரகம் இல்லை என்பது உனக்குத் தெரியும். எனக்கு வலித்தால் பேசிவிடுவேன். அதனால் இந்தக் கடிதம் நீளமாகத்தான் இருக்கும். ஆபீசில் வைத்துப் படிக்காதே, வீட்டுக்குக் கொண்டுபோய் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து படி.

நீ கேட்டது எனக்கு நன்றாகவே புரிந்தது. சிரம்பானில் உனக்குப் பேசியிருக்கிற பெண் சரோஜாவின் அப்பா ரயில்வே ஆபீசில் கணக்கு எழுதுகிற பெரிய கிராணி. கௌரவமான குடும்பம். அவர்களிடம் நீ, மலாக்காவுக்குப் பக்கத்தில் செங் என்கிற ஊரில் எங்களுக்கு ரப்பர் தோட்டம் இருக்கிறது, ஆள் வைத்துப் பார்க்கிறோம் என்று சொல்லி வைத்திருக்கிறாய். தை பிறப்பதற்குள் அந்த மூன்று ஏக்கரையும் விற்றுவிட வேண்டும். அந்தப் பணத்தில் சிரம்பானில் மண்டபம் எடுத்துக் கல்யாணம். கல்யாணத்தில் நான் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டும். களை வெட்டினேன், மானியம் வாங்கினேன், ஆபீஸ் வாசலில் உட்கார்ந்தேன் என்று யாரிடமும் பேச்சு வரக்கூடாது. 'அரசாங்கத்திடம் கையேந்திய கதையை அங்கே வந்து சொல்லிவிடாதீர்கள் அம்மா' என்று எழுதியிருக்கிறாய். அதற்குமேல் ஒரு பழமொழி வேறு: ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணத்தைப் பண்ணு. பண்ணலாம், நானும் கேள்விப்பட்டிருக்கிறேன். அந்த ஆயிரத்தில் பெற்றவளையும் ஒன்றாகச் சேர்த்துக்கொள் என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

உனக்கு எங்கே சுடுகிறது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. நாம் குடியிருக்கிற காஜா பெராங் முச்சந்தியில் காப்பிக்கடையில் உட்கார்ந்திருந்த ஆண்பிள்ளைகள் எனக்கு மானியக்காரி என்று பேர் வைத்தார்கள். நீ சைக்கிளில் பள்ளிக்கூடம் போகும்போது 'மானியக்காரி மகன் போறான் பாரு' என்று உன் காதில் விழும்படி சொன்னார்கள். ஒரு நாள் வந்து புத்தகப்பையை எறிந்துவிட்டு அழுதாய். அன்றைக்கே நான் போய் அந்தக் கடை வாசலில் நின்று, 'பேரு வச்சவங்க கொஞ்சம் எழுந்து நில்லுங்க, பார்க்கணும்' என்றேன். ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை, காப்பி ஆறிப்போயிற்று. அதற்குப் பிறகு நானே அந்தப் பேரைச் சொல்ல ஆரம்பித்துவிட்டேன். பசாரில் மீன்காரன் யாரம்மா என்று கேட்டால், செங்கில் நிலம் வைத்திருக்கிற மானியக்காரி என்பேன். எடுத்து என் தோளில் போட்டுக்கொண்ட பேரை வைத்து என்னை யார் அடிக்க முடியும்? நீதான் இத்தனை வருஷம் கழித்தும் அதற்குப் பயந்துகொண்டிருக்கிறாய்.

கையேந்தினோம் என்று எழுதினாயே, அதை முதலில் பேசுவோம். நீ படித்தவன், இருந்தாலும் சொல்கிறேன். என் அப்பா, உன் தாத்தா, தோட்டத்தில் பால்மரம் சீவிச் சீவிச் சேர்த்துக் கடைசியில் வாங்கிய நிலம் அது. நான் ஒரே பிள்ளை என்பதால் என் பேரில் எழுதினார். ஜப்பான்காரன் போன பிறகு எல்லாரும் மரத்தைப் போட்டு விடாமல் சீவினார்கள், நாமும்தான் சீவினோம். பட்டையெல்லாம் முடிச்சு முடிச்சாகிப்போய், கடைசியில் ஒரு மரத்தில் வடிகிற பால் ஒரு தேங்காய்ச் சிரட்டையின் அடியைக்கூட நனைக்கவில்லை. அப்போதுதான் அரசாங்கம் சொல்லிற்று, கிழட்டு மரத்தை வெட்டிவிட்டு நல்ல ஒட்டுக்கன்று நடுங்கள், மானியம் தவணை தவணையாகத் தருகிறோம் என்று. அந்தப் பணம் எங்கிருந்து வந்தது? துரைமார்களின் சட்டைப்பையிலிருந்தா? இந்த நாட்டிலிருந்து கப்பல் ஏறிய ரப்பருக்கெல்லாம் வரி பிடித்தார்கள். சீனர் கடையில் நம்முடைய ரப்பர் ஷீட்டை நிறுத்து விலை போடும்போதே அந்த வரியைக் கழித்துக்கொண்டுதான் நமக்குக் கொடுத்தார்கள். அந்த வரியைத்தான் மானியம் என்று திருப்பிக் கொடுத்தார்கள். பெரிய பெரிய தோட்டத்துக் கம்பெனிகளும் அதே மானியத்தை வாங்கின, நம்மைவிட ஆயிரம் மடங்கு வாங்கின. எந்தக் காப்பிக்கடையிலாவது எந்தத் துரையையாவது மானியக்காரன் என்று கூப்பிட்டதை நீ கேட்டிருக்கிறாயா? வெள்ளைத் தோலுக்குப் போனால் உதவித்தொகை, கறுத்த கைக்கு வந்தால் பிச்சை. இதை அந்தக் கடைக்காரர்கள் சொன்னால் அவர்களுக்கு விவரம் போதாது என்று விடலாம். நீ சொல்கிறாய்.

நாடு விடுதலையாகி மெர்டேக்கா கொண்டாடியதற்கு முந்தின வருஷம் முதன்முதலாக இன்ஸ்பெக்டர் வந்தார், நினைவிருக்கிறதா? அலோர் காஜா பக்கத்து மலாய்க்காரப் பையன், மோட்டார்சைக்கிளில் வந்தார். நிலத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, அத்தையைக் கூப்பிடுகிற மரியாதையோடு, 'மக்சிக், வீட்டுக்காரர் எங்கே? அவரிடம் பேச வேண்டும்' என்றார். அவர் ரோடு போடுகிற வேலைக்குப் போயிருக்கிறார், நிலம் என் பேரில் இருக்கிறது, என்னிடமே பேசுங்கள் என்றேன். அவர் கொஞ்சம் தயங்கினார், பிறகு பேசினார். தங்கமான பையன், அவரை நான் குறை சொல்ல மாட்டேன். கிழட்டு மரமெல்லாம் விழுந்த பிறகு முதல் தவணை. கன்று நட்டு, வரிசைகளுக்கு நடுவே தரையை மூடுகிற மாதிரி ஒரு பயற்றங்கொடியை வளர்த்துக் காட்டினால் இரண்டாம் தவணை, அதோடு உரமும். கொடியின் விதையை அவரே கொண்டுவந்து கொடுத்தார். காச்சாங், காச்சாங் என்று பயற்றின் பேரை மலாயில் இரண்டு மூன்று தடவை சொன்னார். நானும் தலையை ஆட்டினேன். அப்பா வெட்டிய மரங்கள் விழ விழ நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை. பால் இல்லாவிட்டாலும் சோறு போட்ட மரம். இனி ஆறேழு வருஷத்துக்கு அந்த மண்ணிலிருந்து ஒரு காசு வராது, இரண்டாம் தவணை வந்தால்தான் கன்றுகளும் பிழைக்கும், நீயும் பள்ளிக்கூடத்தை முடிப்பாய். அதைச் சொல்லிக்காட்ட வேண்டாம் என்று நினைத்தேன். சொல்லிக்காட்டிவிட்டேன், போகட்டும்.

விதைத்தேன், கொடி முளைத்தது. மழைக்கு நன்றாகவே படர்ந்தது. எனக்கு அதைப் பார்க்கப் பார்க்கக் கண் பொறுக்கவில்லை. உனக்கு இது புரியாது, நீ தோட்டத்தில் வளரவில்லை. நான் பாவாடை கட்டின வயசிலிருந்து களை வெட்டியவள். எங்கள் பழைய தோட்டத்தில் பால்மரத்தைத் தவிர எது முளைத்தாலும் அது களை. ஒரு புல் தென்பட்டால் வேலை வாங்குகிற மண்டோர் அன்றைக்குக் கணக்கில் முழு நாள் போட மாட்டான், அரை நாள் கூலி போச்சு. மரத்தடி வீட்டு வாசல் மாதிரி வழவழவென்று இருக்க வேண்டும். அப்படி வைத்திருக்கிற பெண்ணைத்தான் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் நல்ல வேலைக்காரி என்பார்கள். கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்தவர்கள்கூட அவள் களை வெட்டின மர வரிசையைப் போய்ப் பார்த்துவிட்டு வந்த கதை உண்டு. அப்படிப்பட்டவளுடைய சொந்த நிலத்தில் பச்சையாக, மொத்தமாக, கணுக்கால் மறைகிற அளவுக்குக் கொடி. அந்தச் சமயம் பார்த்துத்தான் தீபாவளிக்கு என் பழைய தோட்டத்துச் சிநேகிதிகள் வந்தார்கள். நிலத்தைக் காட்ட ஆசையாகக் கூட்டிக்கொண்டு போனேன். பார்த்தார்கள், ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள்.

'என்னாடி இது, காடாக் கெடக்கு? சொந்தமா நெலம் வந்ததும் சொகுசு வந்துருச்சா லா?' என்றாள் ஒருத்தி.

'ஆபீஸ்ல போடச் சொன்ன கொடி' என்றேன்.

'ஆபீஸ்காரனுக்கு என்னா தெரியும்? போடச் சொன்னான், போட்டுட்ட. மண்ணு வளமாச்சு. இனிமே எடுக்க வேண்டியதுதான. கன்னு சாரத்தையெல்லாம் இது குடிச்சுராதா?'

எனக்கும் அது நியாயமாகப் பட்டது. இன்ஸ்பெக்டர் முளைக்க வைக்கச் சொன்னார், முளைத்துவிட்டது, அவ்வளவுதான் என்று நானே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டேன். எல்லாரும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினோம். பாட்டு என்ன, சிரிப்பு என்ன, மண்வெட்டி போன வேகம் என்ன. தீபாவளிக்கு வந்தவர்கள் களை வெட்டிவிட்டுப் போனார்கள். முடித்து நிமிர்ந்து பார்த்தபோது அந்த மூன்று ஏக்கரும் அப்படியே சோற்றைக் கொட்டி அள்ளித் தின்னலாம் போல இருந்தது. என் வாழ்க்கையிலேயே அன்றைக்கு இருந்த பெருமை எனக்கு வேறு எப்போதும் இருந்ததில்லை, நீ பரீட்சையில் தேறின அன்றைக்குக்கூட. அப்பாவைக் கூட்டிவந்து காட்டினேன். அவர் மட்டும் தலையைச் சொறிந்துகொண்டு, 'இன்ஸ்பெக்டர் ஒண்ணும் சொல்ல மாட்டாரே?' என்றார். என்ன சொல்வார், இந்தச் சுத்தத்தைப் பார்த்து மயங்கி விழுவார் என்றேன்.

மயங்கித்தான் போனார். அவர் வருவதற்குள் பெரிய மழை பிடித்துக்கொண்டது. மூடுகிறதற்குக் கொடி இல்லாத மண், சரிவில் இருந்ததெல்லாம் செக்கச்செவேலென்று கால்வாயில் இறங்கிவிட்டது. கன்றுகளின் வேர் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது. இன்ஸ்பெக்டர் மோட்டார்சைக்கிளை நிறுத்திவிட்டு, சரிவின் அடி வரைக்கும் நடந்து பார்த்துவிட்டு வந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: 'மக்சிக், காச்சாங் எங்கே?'

எடுத்துவிட்டேன் என்றேன்.

'ஏன்?'

சுத்தமாக இருக்கட்டும் என்று என்றேன். அவர் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. இரண்டாம் தவணை கிடையாது, மேலே எழுதித்தான் ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். தப்பு என்றால் தப்புதான், அதை நான் யாரிடமும் மறைத்ததில்லை. ஆனால் விதையை விற்றுவிட்டாள், கொடியே போடாமல் ஏமாற்றப் பார்த்தாள் என்று காப்பிக்கடையில் பேசினார்களே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. சோம்பேறித்தனத்தாலோ திருட்டுப் புத்தியாலோ வந்த தப்பு இல்லை அது. உழைப்பு அதிகமானதால் வந்த தப்பு. அந்தக் கடையில் உட்கார்ந்திருக்கிற ஒருத்தருக்கும் அப்படி ஒரு தப்பைச் செய்ய உடம்பு வளையாது.

அப்போது ஒரு தரகன் வந்தான். ஆபீசில் ஆள் தெரியும், கொஞ்சம் காப்பிக் காசு கொடுத்தால் கொடி இருக்கிறதாகவே எழுதிவிடுவார்கள் என்றான். அப்பாவுக்கு ஆசைதான். 'நமக்கேன் வம்பு, குடுத்துட்டு வேலையப் பார்ப்போம்' என்றார். எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. இல்லாத கொடியை இருக்கிறது என்று எழுதினால் ஓடுகிற மண் நின்றுவிடுமா? அது மட்டும் இல்லை. அந்தக் காசைக் கொடுத்தால் நம்முடையதை நாமே திருடி வாங்கினதாக ஆகிவிடும், பிறகு அந்தக் கடைக்காரர்கள் சொன்னது உண்மையாகிவிடும். தரகனுக்குக் காப்பி மட்டும் போட்டுக் கொடுத்து அனுப்பினேன். மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம். அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. இன்றைக்குக் கேட்டால், அவர்தான் தரகனை விரட்டினதாகச் சொல்வார்.

மறுநாளே டவுனில் இருக்கிற ஆபீசுக்குப் போய் வாசல் பெஞ்சியில் உட்கார்ந்தேன். வீட்டுக்காரரை அழைத்து வா என்றார்கள், நிலத்துக்காரி நான்தான் என்றேன். துரை இல்லை என்றார்கள், வரட்டும் என்றேன். நாலைந்து நாள் இப்படியே போனது. அப்புறம்தான் துரைக்கு மலாய் அவ்வளவாக வராது, இங்கிலீஷ் பேச ஆள் கொண்டு வா என்றார்கள். உன்னைக் கூட்டிக்கொண்டு போனேன். வெள்ளைச் சட்டை, பள்ளிக்கூட டை, மீசை அரும்பின முகம். எனக்கு உன்னைப் பார்க்க எவ்வளவு பெருமை தெரியுமா? நான் சொன்னது இதுதான், ஒரு சொல் மாறாமல் எனக்கு நினைவிருக்கிறது: 'தொரை, கொடிய எடுத்தது நான்தான். எங்க மண்டோருக்குப் பயந்து பழகின கை. வெதையை விக்கல. மறுபடியும் கொடி போட்டு வளத்துக் காட்டுறேன். ஆள அனுப்பிப் பாருங்க. இருந்தா எனக்குச் சேர வேண்டியதக் குடுங்க, இல்லாட்டி குடுக்காதீங்க.' அவ்வளவுதான். நீ அதை இங்கிலீஷில் சொல்ல ஆரம்பித்தாய். நான் சொன்னதைவிட நீளமாகப் போனது. நடுநடுவே சாரி, சாரி என்று விழுந்தது. எனக்கு இங்கிலீஷ் தெரியாது, ஆனால் சாரி தெரியும். பழைய தோட்டத்துத் துரையம்மா தன் நாய்க்குட்டியின் காலை மிதித்துவிட்டு அதனிடம் சொல்வாள். துரையின் முகம் இளகிற்று. அவர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டின விதம் எனக்குப் பிடிக்கவே இல்லை.

வெளியே வந்ததும் என்ன சொன்னாய் என்று கேட்டேன். நீங்கள் சொன்னதைத்தான் என்றாய். மறுபடியும் கேட்டேன். தரையைப் பார்த்துக்கொண்டு, 'ஏழைங்க, படிக்காதவங்க, தெரியாம செஞ்சுட்டாங்க, மன்னிச்சு ஏதாவது உதவி பண்ணுங்கன்னு சொன்னேம்மா. அப்படிச் சொன்னாத்தான் குடுப்பாங்க' என்றாய். நான் திரும்ப உள்ளே போனேன். நீ வேண்டாம்மா வேண்டாம்மா என்று புடவையைப் பிடித்து இழுத்தாய். அதற்குள் உள்ளே நம் இன்ஸ்பெக்டர் வந்திருந்தார். எனக்குத் தெரிந்த மலாயில் அவரிடம் சொன்னேன்: என் மகன் சொன்னது அவனுடைய பேச்சு, என்னுடையது வேறு. நான் உதவி கேட்டு வரவில்லை, பார்வையிட ஆள் அனுப்புங்கள் என்று கேட்கத்தான் வந்தேன். இதைத் துரையிடம் அப்படியே சொல்லுங்கள். இன்ஸ்பெக்டர் அப்படியே சொன்னார். துரையின் முகம் சிவந்தது. சரி, போட்டுக் காட்டட்டும், பார்க்கலாம் என்று அவர் சொன்னதை இன்ஸ்பெக்டர் எனக்கு மலாயில் சொன்னார். நான் வெளியே வந்தபோது நீ இல்லை. என்னை விட்டுவிட்டுத் தனியாக வீட்டுக்கு நடந்து போய்விட்டாய். ஜாலான் துக்காங் எமாஸ் தெருமுனை வரைக்கும் உன்னைத் தேடினேன். பிறகு பிள்ளையார் கோவில் வாசலில் கொஞ்சம் உட்கார்ந்து அழுதேன். இது உனக்குத் தெரியாது. இன்றைக்குத்தான் சொல்கிறேன்.

விதை மறுபடியும் கொடுக்க மாட்டோம் என்றுவிட்டார்கள். கேட்கவும் இல்லை நான். புக்கிட் ரம்பாய் பக்கம் பெரிய தோட்டங்களின் வேலிக்கு வெளியே அதே கொடி ரோட்டோரத்தில் ஆளில்லாமல் படர்ந்து கிடந்தது. நாம் பிபிக் என்று கூப்பிடுகிற பக்கத்து வீட்டு அம்மாள் கூட வந்தாள். பரம்பரையாக மலாய் பேசுகிற மலாக்காச் செட்டி வீட்டுப் பெண், தமிழ் ஒரு வார்த்தை தெரியாது, ஆனால் நெற்றியில் திருநீறு இல்லாமல் வாசலைத் தாண்ட மாட்டாள். உனக்குப் பைத்தியம் என்று மலாயில் திட்டிக்கொண்டே வேர்விட்ட கொடிகளாகப் பார்த்து அறுத்து, ஈரச்சாக்கில் கட்டிக்கொடுத்தாள். அப்பாவின் சைக்கிளில் வைத்து நான் தள்ளிக்கொண்டு வருவேன், அவள் பின்னாலிருந்து பிடித்துக்கொள்வாள். ஒவ்வொரு துண்டாக ஊன்றினேன். என் கையாலேயே பிடுங்கினதை என் கையாலேயே நட்டேன். மழை உதவிற்று. கொடி பிடித்து, படர்ந்து, தரையை மூடிய பிறகு இன்ஸ்பெக்டர் வந்து பார்த்தார். ஒரு கொடியைத் தூக்கி வேரைப் பார்த்தார், எழுதிக்கொண்டார், போனார். இரண்டாம் தவணையும் உரமும் வந்தது. 'அன்றைக்கு நான் பணிவாகப் பேசியதால்தான் பணம் வந்தது, நீங்கள் கெடுக்கப் பார்த்தீர்கள்' என்று இப்போதும் எழுதியிருக்கிறாய். தம்பி, அந்த நிலத்தில் படர்ந்தது உன் சாரி இல்லை.

இப்போது அந்தக் கன்றெல்லாம் மரம். பட்டை வழவழவென்று, தட்டினால் நிறைந்த சத்தம். வருகிற மாசம் கத்தி வைக்கலாம் என்று பார்வையிட்டவர்கள் சொல்லிவிட்டார்கள். வெறும் தரையைப் பார்த்துக்கொண்டு நாங்கள் இத்தனை வருஷம் காத்திருந்தோம். அப்பா ரோட்டில் தார் ஊற்றினார், நான் அடுத்தவர் தோட்டத்தில் களை வெட்டினேன். பால் வடியப் போகிற நேரத்தில் விற்றுவிடு என்கிறாய், ஒரு நாள் மண்டபத்துக்கும் மேளத்துக்கும். விற்க மாட்டேன். இதை நீ இன்னும் எத்தனை விதமாக எழுதிக் கேட்டாலும் பதில் இதுதான். கல்யாணத்தை இங்கேயே கோவிலில் வைத்துக்கொள். சாப்பாடு நான் போடுகிறேன், யாரும் பசியோடு போக மாட்டார்கள். உனக்குப் புத்தி சொல்கிற வயசு தாண்டிவிட்டது, ஆனாலும் ஒன்று மட்டும் கேட்டுக்கொள். பணிந்து போகிறது தப்பே இல்லை. உன் அப்பாவும் பணிந்து போகிறவர்தான், அவரோடு நான் நல்லபடியாகவே குடித்தனம் பண்ணுகிறேன். ஆனால் நீ பணியும்போது பக்கத்தில் நிற்கிறவளின் தலையையும் சேர்த்து அழுத்தாதே. அன்றைக்கு நான் உன் அம்மா, பொறுத்துக்கொண்டேன். நாளைக்கு அந்த இடத்தில் சரோஜா நிற்பாள். நீ எங்கேயோ நல்ல பேர் வாங்க அவளைப் பற்றி ஒரு பொய் சொல்வாய், அவளுக்கு அது தெரியவரும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவன் கடைசியில் சோற்றையும் சேர்த்துத்தான் கொட்ட வேண்டிவரும்.

அதனால்தான் போன ஞாயிற்றுக்கிழமை நான் ஒரு காரியம் செய்தேன். இதைப் படிக்கும்போது உனக்குக் கோபம் வரும், வரட்டும். காலையில் குளித்து, நல்ல புடவை ஒன்று கட்டிக்கொண்டு, ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிக்கொண்டு சிரம்பானுக்கு பஸ் ஏறினேன். அப்பா வரமாட்டேன் என்றார், ஆனால் பஸ்ஸுக்குக் காசு அவர்தான் கொடுத்தார். ரயில்வே குவாட்டர்ஸில் விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். சம்பந்தி அம்மாள் உபசாரமெல்லாம் நன்றாகத்தான் செய்தார். நான் காப்பியைக் குடித்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். களை வெட்டியது, மானியம் வாங்கியது, கொடியைப் பிடுங்கியது, பெஞ்சியில் உட்கார்ந்தது, காப்பிக்கடையில் எனக்கு வைத்த பேர், எல்லாம். உன்னைப் பற்றி ஒரு சொல்லும் தப்பாகச் சொல்லவில்லை. சரோஜாவின் அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

'மாப்பிள்ளை, ஆள் வச்சுப் பார்க்கிறோம்னு சொன்னாருங்களே' என்றார்.

'அந்த ஆள் நான்தாங்க' என்றேன்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். அவருக்குப் பிடித்ததா பிடிக்கவில்லையா என்று எனக்குத் தெரியவில்லை. யோசித்துவிட்டு மாப்பிள்ளைக்கே எழுதுகிறேன் என்றார். நியாயம்தான், பெண்ணைப் பெற்றவர் யோசிக்கத்தான் செய்வார். நான் கிளம்பியபோது சரோஜா குடையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூட வந்தாள். போகாதே என்று அவள் அம்மா சொன்னது என் காதிலும் விழுந்தது, அவள் கேட்கவில்லை. பஸ் வந்த பிறகு கேட்டாள்: 'அத்தை, இதுல மறைக்கிறதுக்கு என்னா இருக்கு? அவர் ஏன் மறைச்சாரு?' அதை அவனிடமே கேளம்மா என்றேன். கேட்பேன் என்றாள். கேட்பாள், அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தால் தெரிகிறது. அவள் கடிதமும் அவள் அப்பாவின் கடிதமும் இதற்கு முன்னாலேயே உன் கைக்கு வந்திருந்தாலும் வந்திருக்கும்.

கல்யாணம் நின்றுபோனால் பழியை என்மேல் போடு, நான் தாங்குவேன். எனக்குப் பழக்கம். நடந்தால் நான் வருவேன், அப்பாவும் வருவார். உன் ஆபீஸ்காரர்கள், சிரம்பான் சொந்தக்காரர்கள் எல்லாரும் இருப்பார்கள். அவர்களில் யாராவது ஒருத்தர் என்னைக் காட்டி இவர் யார் என்று உன்னிடம் கேட்பார். நான் வாயே திறக்க மாட்டேன். உன் பக்கத்திலேயே நின்று, நீ என்ன சொல்கிறாய் என்று கேட்டுக்கொண்டிருப்பேன்.

உன்னைப் பெற்றவள்